ஐந்து மில்லிமீட்டர் நிம்மதி

இரண்டாவது முறை விழுந்ததும் சாம்பிள்காரர் ரோட்டில் கிடந்தபடியே முதுகுப் பெட்டியைக் கழற்றித் திறந்து பார்த்தார். ரத்தம் அடைத்த குழாய்கள் பதினாறும் முழுசாக இருந்தன. அவருடைய முழங்கை அப்படி இல்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து, சைக்கிளை நிமிர்த்தி, மிச்ச தூரத்தையும் மிதித்துப் போய்ப் பரிசோதனைக் கூடத்தில் பெட்டியை ஒப்படைத்தார். முப்பத்தெட்டு நிமிடம். கெடு நாற்பது. அங்கிருந்த எழுத்தர் குழாய்களை எண்ணினார், நேரத்தைக் குறித்தார், முழங்கையிலிருந்து மேஜையில் சொட்டியதைத் துணியால் துடைத்தார். பிறகு பதிவேட்டை எடுத்து, "விழுகை: இரண்டு" என்று எழுதினார்.

நாற்பத்தெட்டு வயதுக்காரர். கிளினிக்குகளில் காலையில் எடுக்கிற ரத்தத்தை நாற்பது நிமிடத்துக்குள் மத்தியக் கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுவருவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவருடைய வேலை. அவரையும் சேர்த்துப் பதினோரு பேர். ஒரு பணியாண்டில் மூன்று முறை விழுகிறவர் சைக்கிளுக்கு லாயக்கில்லை என்று விதி. அவரை அடித்தளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஜன்னல் கிடையாது, ஒரு நீளமான தொட்டியும் கழுவ வேண்டிய பாட்டில்களும்தான் உண்டு. போன வருடம் நெட்டையர் என்று ஒரு கூட்டாளி அப்படிப் போனார். இப்போது வெளியில் பார்த்தால் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறார். விரல்கள் ஊறி வெளுத்துக் கிடக்கின்றன.

பணியாண்டு முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. மழை அன்றைக்குத்தான் ஆரம்பித்திருந்தது.

மனைவியின் தம்பி சைக்கிள் மெக்கானிக். கடைக்குப் போனதும் அவன் முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். அது அசையவில்லை.

"மாமா, இது டயரா கத்தியா? இருபத்திமூணு மில்லிமீட்டர் அகலம். அதுல நூத்திருபது பவுண்டு காத்து. கல்லு மாதிரி இருக்கு. ஈர ரோட்டுல கல்லு எங்க பிடிக்கும்? இருபத்தெட்டு போட்டு, காத்த எழுபத்தஞ்சுக்கு இறக்குங்க. கொஞ்சம் அமுங்கி ரோட்டக் கவ்வும். கையும் மரத்துப் போகாது."

"வேகம் குறையாதா மாப்ள?"

"இந்த ரோட்டுலயா? இப்ப நீங்க முன்னால போறதவிட மேலயும் கீழயும் போறதுதான் ஜாஸ்தி. குதிக்கறத நிறுத்தினா வேகம் தன்னால வரும்."

சொன்னால் போதுமா? சைக்கிள் அரசாங்கத்துடையது. அதன் டயரை மாற்ற மிதிவண்டி டயர் அகல நிர்ணய வாரியம் அனுமதிக்க வேண்டும். காற்றைக் குறைக்கவும் முடியாது. தினமும் காலையில் கொட்டகையில் ஒரு ஊழியர் பதினோரு சைக்கிளுக்கும் நூற்றிருபது பவுண்டு அடித்து, காற்றுவாயின் மேல் காகித முத்திரை ஒட்டி, அதில் கையெழுத்தும் போட்டுவிடுவார். ஐம்பத்தெட்டு கிலோ சாம்பிள்காரருக்கும் கூட ஓட்டுகிற நூற்றிரண்டு கிலோ கண்ணாடிக்காரருக்கும் அதே நூற்றிருபதுதான். முத்திரை கிழிந்தால் வேலை போய்விடும்.

வேறு வழியில்லாமல் வாரியத்துக்குப் போனார். ஆறு மாடிக் கட்டடம். முன்னால் நூறு கார் நிற்க இடம் விட்டிருந்தார்கள். சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று கேட்டதற்குக் காவலாளி, "சைக்கிள்லயா வந்தீங்க? இங்கயா?" என்று அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

முதல் மாடி ஜன்னலில் ஓர் எழுத்தர் படிவத்தை நிரப்பினார்.

"எவ்வளவு வேணும்?"

"இருபத்தெட்டு."

"இப்ப?"

"இருபத்திமூணு."

"அஞ்சு கூடுது. அந்த அஞ்ச வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"விழாம இருக்கப் போறேன் சார்."

"அப்படி ஒரு கட்டமே இல்லையே. வேகம், சௌகரியம், பிடிப்பு. மூணுதான். ஒண்ணுல மட்டும் டிக் அடிங்க."

சாம்பிள்காரர் பிடிப்பில் டிக் அடித்தார். பிடிப்புப் பிரிவு இரண்டாம் மாடியில். அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லை என்பது பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"பிடிப்பு நான் தாராளமா குடுத்துடுவேன்" என்றார் அதிகாரி. "சிக்கல் என்னன்னா, டயர் அகலமாச்சுன்னா சௌகரியமும் கூடவே ஒட்டிக்கிட்டு வந்துடும். அது வேற பிரிவு. நீங்க பிடிப்புன்னு சொல்லி வாங்கிட்டுப் போய் சௌகரியத்தையும் அனுபவிச்சீங்கன்னா, தணிக்கைல என் கழுத்தத்தான் பிடிப்பாங்க. மேல போய் ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க."

சௌகரியப் பிரிவின் அதிகாரி ஓர் அம்மையார். கழுத்துக்கு ஒரு மெத்தை, இடுப்புக்கு ஒரு மெத்தை, காலுக்கு ஒரு சின்ன முக்காலி என்று சகல ஏற்பாடுகளோடும் உட்கார்ந்திருந்தார். மனுவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னிக்கு டயர்ல சௌகரியம் கேப்பீங்க. நாளைக்கு சீட்டுல கேப்பீங்க. அப்புறம் வாழ்க்கையிலயே கேப்பீங்க. எங்க போய் நிறுத்தறது?"

"எனக்கு சௌகரியம் வேணாம் மேடம். விழாம இருந்தா போதும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு வர்றாங்க. நான் பதினாலு வருஷமா இந்தப் பிரிவுல இருக்கேன். சௌகரியம் குடுக்கறதுக்கா எங்கள உக்கார வச்சிருக்காங்க? அது எங்கயும் கசியாம பாத்துக்கத்தான். இதுவரைக்கும் ஒரு சொட்டு கசியல." முக்காலியை நகர்த்திக் காலை வாகாக வைத்துக்கொண்டார். "ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் குடுங்க. அப்புறம் பாக்கலாம்."

அச்சடித்த பத்திரம் ஒன்றைக் கொடுத்தார்கள். 'மேற்படி டயரினால் நேரடியாகவோ மறைமுகமாகவோ சௌகரியம் அடையமாட்டேன் என்றும், தவறி அடைய நேர்ந்தால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தெரிவிப்பேன் என்றும் இதனால் உறுதி கூறுகிறேன்.'

வீட்டில் மனைவி தையல் மிஷினை நிறுத்தாமலே அதைப் படித்தாள். ரவிக்கை தைத்துத் தைத்து அவளுக்குத் தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"இதுல கையெழுத்துப் போட என்னங்க யோசனை? கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்படித்தானே இருக்கோம். இப்பத்தான் பத்திரம் போட்டுக் கேக்கறாங்க."

நாலாம் மாடியில் வேகப் பிரிவு. வேகப் பிரிவுதான் வாரியத்தின் பெருமை. ஆளுயர எஃகு உருளை ஒன்று அறை நடுவில் பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது. டயரை அதன்மேல் அழுத்தி ஓட விடுவார்கள், எது சுலபமாக ஓடுகிறது என்று முள் காட்டும்.

"பாருங்க" என்றார் அதிகாரி. "குறுகலான டயர், கல்லு மாதிரி காத்து. இதுதான் வேகம். பதினெட்டு வருஷமா ஒரே முடிவு."

சாம்பிள்காரர் உருளையைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. "சார், இதுல ரோடு எங்க?"

"எது?"

"குழி, ஜல்லி, சாக்கடை மூடி, இதெல்லாம்."

அதிகாரி பொறுமையாகச் சிரித்தார். "ஆரம்பத்துல ரோட்டுலதான் சோதன பண்ணினாங்க. ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒவ்வொரு முடிவு வந்துது. சில ரோட்டுல அகலமான டயர் ஜெயிச்சிடுச்சு. மானம் போச்சு. அப்புறம்தான் யோசிச்சு ரோட்ட எடுத்துட்டோம். அதுலேருந்து ஒரு தகராறும் இல்ல. விஞ்ஞானம்னா அப்படித்தான், வேண்டாதத எடுத்துடணும்."

"நான் ரோட்டுலதானே சார் போறேன்?"

"அது உங்க துறை."

மாதிரி டயர் ஒன்றைச் சமர்ப்பிக்கச் சொன்னார்கள். மைத்துனன் கடையிலிருந்து ஒன்றைக் கட்டிக் கொடுத்து அனுப்பினான். ஐந்தாம் மாடியில் அளவு உதவியாளர் அதை மேஜைமேல் போட்டு, இரண்டு விளிம்பையும் பிரித்துத் தட்டையாக விரித்து, உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்து, அளவுகோலை வைத்தார். முகம் மாறிவிட்டது.

"இருபத்தெட்டுன்னு எழுதிட்டு எழுபத்தொண்ணு கொண்டு வந்திருக்கீங்க!"

"சக்கரத்துல மாட்டிக் காத்தடிச்சா இருபத்தெட்டு வரும் சார்."

உதவியாளர் பேனாவைக் கீழே வைத்தார். "காத்தடிச்சா எந்தப் பொருளும் பெருசாகும். இது சின்னதாகும்ங்கறீங்க?"

"விரிச்சிருக்கீங்க சார். மாட்டினா அது வளைஞ்சு..."

"என் காதுல பூ சுத்தறீங்களா? அறுபதுக்கு மேல போனா அது மோட்டார் வாகனம். நம்பர் பிளேட் போட்டுட்டு வாங்க."

அதிலேயே மூன்று வாரம் போயிற்று. மோட்டார் வாகன அலுவலகத்தில் இன்ஜின் எண் கேட்டார்கள். இல்லை என்றதும், இன்ஜின் திருடுபோனதாகப் புகார் கொடுத்திருக்கிறாரா என்று கேட்டார்கள். கடைசியில் வாரியத்தில் யாரோ ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய இருபத்துமூன்று டயரையும் தட்டையாக விரித்து அளந்தார். அது ஐம்பத்தொன்பது காட்டியது. அறுபதுக்கு ஒன்றே ஒன்று குறைவு. துணி கொஞ்சம் இழுத்துக் கொடுத்தால் பதினோரு சைக்கிளும் மோட்டார் வாகனமாகிவிடும், பதினெட்டு வருட வரி பாக்கி வந்துவிடும் என்று பயந்து அந்தக் கோப்பைச் சத்தமில்லாமல் மூடினார்கள்.

இதற்குள் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. சாம்பிள்காரர் தினமும் அச்சகத்து வளைவு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வார். இறக்கம், திருப்பம், திருப்பத்தின் நடுவில் ஒரு இரும்பு மூடி. இரண்டு தடவையும் அவர் விழுந்தது அங்கேதான். ஒருநாள் பின்சக்கரம் ஓர் அடி வழுக்கி எப்படியோ நின்றது. அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அந்த ஓர் அடியைக் கையை விரித்து மனைவிக்குக் காட்டினார். அவள் தட்டை அருகே நகர்த்தி வைத்தாள்.

பிறகு நேரடிச் சோதனைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. இருபத்தெட்டு டயரோடு, மெக்கானிக் சொன்ன எழுபத்தைந்து பவுண்டில், வாரியத்தின் பின்னால் உள்ள கல் பாவிய சந்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். சௌகரியப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து அவர் முகத்தைக் கவனிப்பார்கள். சௌகரியம் முகத்தில்தான் முதலில் தெரியும் என்று அந்தப் பிரிவின் கையேடு சொல்கிறது.

முந்தின நாள் சாயங்காலம் கண்ணாடிமுன் ஒத்திகை நடந்தது.

"பல்வலி வந்த மாதிரி வச்சுக்குங்க" என்றாள் மனைவி. "அது பல்வலி இல்ல, பசி. இன்னும் கொஞ்சம் இறுக்குங்க. சம்பள உயர்வு இல்லைன்னு சொன்ன அன்னிக்கு ஒரு மூஞ்சி வச்சிருந்தீங்களே, அது. ஆங், அதேதான். அப்படியே போயிட்டு வந்துடுங்க."

மறுநாள் சந்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாலையில் பெய்த மழையில் கற்கள் நனைந்திருந்தன. சாம்பிள்காரர் அந்த முகத்தை வரவழைத்துக்கொண்டு ஏறினார்.

முதல் இருபது அடியில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ குறைகிறது என்று பட்டது. அப்புறம்தான் தெரிந்தது: மணிக்கட்டில் அந்த உதறல் இல்லை. இருபத்திரண்டு வருடமாக எலும்புக்குள் ஓடிக்கொண்டிருந்த உதறல். அதை அவர் சைக்கிள் என்றே நினைத்திருந்தார். சந்தின் வளைவு வந்தது. உடம்பு பழக்கத்தில் விறைத்தது. சைக்கிள் சாய்ந்தது, டயர் ஈரக் கல்லைப் பிடித்தது, ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பி அந்தப் பக்கம் வந்துவிட்டது. இவ்வளவுதானா, இவ்வளவுதான் வேண்டியிருந்ததா என்று மனசு கேட்டது. முகத்தைப் பற்றி அவர் மறந்தே போனார்.

வளைவில் உட்கார்ந்திருந்த சௌகரியப் பிரிவு ஆட்கள் இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். 'நிம்மதி. நான்கு விநாடி.'

"உறுதிமொழிய மீறிட்டீங்க" என்றார் சௌகரியப் பிரிவு அம்மையார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"மன்னிச்சுக்குங்க மேடம். தெரியாம வந்துடுச்சு."

"நாலு விநாடி! நானே என் சீட்டுல அவ்வளவு நேரம் நிம்மதியப் பாத்ததில்ல."

வேகப் பிரிவு அதிகாரியும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். சந்தைக் கடக்க ஆன நேரம் பழைய டயரைவிட மூன்று விநாடி குறைவு. அதைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது என்றார். சந்தில் ரோடு இருந்ததால் சோதனை செல்லாது.

விஷயம் ஆறாம் மாடிக்கு, வாரியத் தலைவரிடம் போயிற்று. அவர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர். சாம்பிள்காரரையும் மூன்று அதிகாரிகளையும் வரவழைத்து, நின்றுகொண்டே பேசினார்.

"பதினொரு வருஷம் இந்த நாற்காலில உக்காந்தேன். அகலத்தப் பத்தி நான் பேசாத மேடையில்ல. ஆனா ஒரு டயரக்கூட மாத்தல. இது எனக்கே தெரியும். நாளைக்கு என் படத்த மாட்டும்போது கீழ எழுத ஒரு வரி வேணும். என் காலத்துலதான் டயர் அகலமாச்சுன்னு எழுதணும். அதனால எதுவும் மாறிச்சுன்னு மட்டும் வந்துடக் கூடாது. வந்தா, இத்தன வருஷம் ஏன் மாத்தலன்னு கேப்பாங்க இல்லையா? இதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

வேகப் பிரிவு அதிகாரி எழுந்தார். "இருபத்தெட்டே குடுத்துடலாம் சார். காத்த மட்டும் டயர் மேல போட்டிருக்கற உச்ச அளவுக்கு அடிச்சிடலாம். நூத்திப் பதினஞ்சு. உருளையில நல்லா ஓடும்."

"நிம்மதி?"

சௌகரியப் பிரிவு அம்மையார் கணக்குப் போட்டார். "நூத்திப் பதினஞ்சுல நிம்மதி வர வாய்ப்பே இல்ல சார்."

"பிடிப்பு?"

பிடிப்புப் பிரிவு அதிகாரி தயங்கினார். "மனுவுல அவர் கேட்டது அகலம்தான் சார். பிடிப்புங்கறது காரணம். காரணத்த நாம வழங்கறதில்ல."

எல்லாரும் கை தட்டினார்கள். சாம்பிள்காரரும் தட்டினார். அந்த அறையில் தட்டாமல் நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு வாரத்தில் பதினோரு சைக்கிளுக்கும் புது டயர் வந்துவிட்டது. மைத்துனன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "இதுக்குப் பழசே தேவல மாமா. பாக்கறதுக்குத்தான் பெருசு." முத்திரை இப்போது இரட்டைக் காகிதம்.

புது டயர் போட்டபின் வந்த முதல் மழை நாளன்று அச்சகத்து வளைவில் பின்சக்கரம் லேசாகத் துள்ளியது. சாம்பிள்காரர் பிரேக்கைப் பிடித்து, இறங்கி, வளைவைத் தள்ளிக்கொண்டே கடந்தார். மறுநாள் வளைவுக்கு முன்னாடியே இறங்கினார். அடுத்த வாரம் இறக்கத்தின் தலைப்பிலேயே இறங்கினார். இறங்கின மனிதனுக்குத் திரும்ப ஏற மனசு வரவில்லை. வண்டியைத் தள்ளுகிறவன் விழுந்ததாக எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. கண்ணாடிக்காரர் பின்னால் வந்து பார்த்தார், அவரும் இறங்கினார். மாதம் முடிவதற்குள் பதினோரு பேரும் வரிசையாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஈர ரோட்டில் நடந்தார்கள்.

கூடத்துக்குப் போய்ச் சேர ஐம்பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. மெமோ வரும் என்று பயந்துகொண்டிருந்தார்கள். வாரியத்தின் ஆண்டறிக்கைதான் வந்தது. அகல டயர் போட்டபின் விழுகை பூஜ்யம் என்று பிடிப்புப் பிரிவு பெருமைப்பட்டது. பத்தொன்பது நிமிடம் தாமதம் ஆகிறது, அகல டயர் மெதுவானது என்று தாங்கள் முதலிலேயே சொன்னதாக வேகப் பிரிவு பெருமைப்பட்டது. ஊழியர் முகங்களில் மாற்றமில்லை என்று சௌகரியப் பிரிவு பெருமைப்பட்டது. எல்லாரும் சொல்வது சரியாக இருந்ததால் கெடுவை ஒரு மணி நேரமாக உயர்த்தினார்கள். ரத்தம் தாமதத்தில் கெட்டு, கிளினிக்குகளில் சிலரை மறுபடி கூப்பிட்டு ஊசி குத்தினார்கள். அது வேறு துறை.

பணியாண்டு ஒருவழியாக முடிந்தது. புது ஆண்டின் முதல் நாள் காலை பளிச்சென்று வெயில். ரோடு காய்ந்து கிடந்தது. பதிவேட்டில் எல்லார் பெயருக்கும் நேரே புதுப் பூஜ்யம். பாட்டில் தொட்டி மறுபடி எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. கொட்டகை வாசலில் பத்துப் பேரும் சாம்பிள்காரரைப் பார்த்தார்கள். அவர் பெடலில் காலை வைத்து, தாவி ஏறி, பத்து மிதி மிதித்தார். காற்று முகத்தில் பட்டது. பின்னால் மற்றவர்களும் ஏறுகிற சத்தம் கேட்டது.

அச்சகத்து வளைவு தெரிந்ததும் அவர் இறங்கினார்.

"என்னண்ணே?" என்று கண்ணாடிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னிக்குக் கணக்கு புதுசாச்சே. ரெண்டு தடவ தாராளமா விழலாமே?"

"வருஷத்துக்கே ரெண்டுதானேப்பா குடுத்திருக்காங்க" என்றார் சாம்பிள்காரர், சைக்கிளைத் தள்ள ஆரம்பித்து. "முதல் நாளே எடுத்துட்டா மழைக்காலத்துக்கு என்ன பண்றது?"

கண்ணாடிக்காரர் மழை மாதங்களை விரல் விட்டு எண்ணினார். பிறகு அவரும் இறங்கினார்.